கப்பல் நாளிலும் வகுப்பு நடந்தது

மேடம், இன்று காலை பிரேயர் முடிந்து அலுவலக அறைக்குள் நுழைந்தபோது ஜன்னல் வழியாக ரப்பர் ஷீட் புகையின் வாசம் வந்தது. தோட்டத்தை மூடி ரொம்பக் காலம் ஆகிவிட்டது. ஆனாலும் மிச்சம் நிற்கும் மரங்களில் யாரோ பால் எடுத்து, ஷீட் அடித்து, தொழிலாளர் லயத்து வீடுகளுக்குப் பின்னால் புகை போட்டிருக்கிறார்கள். மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்ளும் அந்த வாசம் உங்களுக்கு மட்டும் பசியைக் கிளப்பும். "எங்கம்மா இந்த வாசத்தோடதான் வீட்டுக்கு வருவாங்க டீச்சர். அவுங்க வந்தாத்தான் அடுப்பே எரியும்" என்று சொல்லிக்கொண்டே என் டப்பாவைத் திறந்து ஒரு இட்லியை எடுத்துக்கொள்வீர்கள். கேட்காமல்தான். தலைமையாசிரியை ஆயிற்றே என்று நானும் வாயை மூடிக்கொண்டிருப்பேன். நான் வாயை மூடிக்கொண்ட ஒரே விஷயம் அதுவாகத்தான் இருக்கும்.

போய்ச் சேர்ந்தவளுக்கு எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். கேளுங்கள். எனக்கு ஒரு நல்ல சேதி சொல்ல வேண்டியிருக்கிறது. அதை வேறு யாரிடம் சொன்னாலும் எனக்குத் தித்திக்காது.

நீங்கள் இந்தத் தீவுப் பள்ளியில் பொறுப்பேற்க வந்த நாள் நினைவிருக்கிறதா? பள்ளி ஆசிரியர்கள் அத்தனை பேரும் அன்று ஜெட்டியில், அந்தக் கப்பல் துறை மேடையில்தான் இருந்தோம். உங்களை வரவேற்க என்று நினைத்திருப்பீர்கள். ஒருவரும் அதற்காக வரவில்லை. அது கப்பல் நாள். போர்ட் பிளேரில் ஹேடோ துறையிலிருந்து கிளம்பும் கப்பல் இங்கே வருவது எப்போதோ ஒரு நாள். அதுவும் கடலின் மனசைப் பொறுத்தது. வெங்காயமும் தக்காளியும் பச்சை மிளகாயும் அதில்தான் வரும். மெயின்லாண்டிலிருந்து மருந்தும் பார்சலும் அதில்தான் வரும். பிந்திப் போனால் அழுகலும் காம்பும்தான் மிஞ்சும். அதனால் கப்பலின் ஊதல் கேட்டதும் சாக்பீஸைக் கீழே போட்டுவிட்டு ஓடுவது நம் பள்ளியின் எழுதாத சட்டம். ஆசிரியர் பின்னால் மூட்டை தூக்க மாணவர்கள் ஓடுவார்கள். மாணவர்கள் பின்னால் வேடிக்கை பார்க்கச் சின்ன வகுப்பு ஓடும். அன்றும், மறுநாள் சாமான் பங்கு வைப்பதிலும் படிப்பு போய்விடும். அரசாங்கம் விடாத விடுமுறையைக் கப்பல் விட்டுக்கொண்டிருந்தது.

தக்காளிக் கூடையருகே நின்றுகொண்டிருந்த ஒரு ஒல்லியான பெண்ணைப் பார்த்து, "கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா, எடுக்கணும்ல" என்று நான் சொன்னேன். நீங்கள் தள்ளி நின்றீர்கள். பெட்டியைக் கீழே வைத்து, நான் பொறுக்குவதை முழுக்கப் பார்த்தீர்கள். கடைசியில், "நீங்க இங்க ஸ்கூல்ல என்ன பாடம் எடுக்கிறீங்க?" என்று கேட்டீர்கள். "கணக்கு" என்றேன் மிதப்பாக. "நல்லாத்தான் பொறுக்குறீங்க" என்றீர்கள். யாரென்று தெரிந்த பிறகும் அதில் கிண்டல் இருந்ததா பாராட்டு இருந்ததா என்று எனக்குப் புரியவில்லை. இரண்டும் இருந்தது என்று பின்னால்தான் சொன்னீர்கள்.

அடுத்த நாள் ஆசிரியர் கூட்டத்தில் நீங்கள் சுற்றி வளைக்கவில்லை. பத்தாம் வகுப்பில் நம் பிள்ளைகள் வருடா வருடம் தோற்றுக்கொண்டே இருந்தார்கள். இந்த வருடமும் அப்படியே போனால் ஒன்பதையும் பத்தையும் மூடிவிட்டு, பிள்ளைகளைப் போர்ட் பிளேரில் விடுதியில் சேர்ப்பது என்று மேலிடத்தில் பேச்சு. அதைச் சொல்லிவிட்டு எங்கள் முகங்களைப் பார்த்தீர்கள். ஒருவர், "நல்லதுதானே மேடம், அங்க வசதி ஜாஸ்தி" என்றார்.

"யாருக்கு நல்லது?" என்று கேட்டீர்கள். "நான் இந்தத் தோட்டத்து லயத்துல வளந்தவ. சிலோன்லருந்து எங்கப்பாவும் அம்மாவும் கப்பல்ல வந்து எறங்குனப்போ நான் கைப்புள்ள. அப்ப இங்க எட்டாவது வரைக்குந்தான். அதுக்கு மேல படிக்க என்னையக் கப்பல் ஏத்துனாங்க. என் தங்கச்சிய ஏத்தல. ரெண்டு பொட்டப்புள்ளையவும் அனுப்பிட்டு இருக்க ஏலாதுன்னு சொல்லிட்டாங்க. அவ என்னையவிட நல்லாப் படிப்பா." அவ்வளவுதான் சொன்னீர்கள்.

நமக்கே தெரிந்த கதைதான் அது. பத்தாம் வகுப்பில் இருந்த புஷ்பாவின் அப்பா, தோட்டத்தில் பால் வெட்டிய கை, எங்களிடம் நேராகவே சொல்லியிருந்தார்: "இங்க இருக்கிற வரைக்கும் படிக்கட்டும் டீச்சர். கப்பல் ஏத்தியெல்லாம் படிக்க வைக்க மாட்டேன்." மூடுவது என்றால் வகுப்பை மூடுவது இல்லை, புஷ்பாக்களை மூடுவது. அது அந்த அறையில் எல்லோருக்கும் புரிந்தது.

இனிமேல் கப்பல் நாளில் யாரும் ஜெட்டிக்குப் போகக் கூடாது என்று உத்தரவு வரும் என்று நாங்கள் காத்திருந்தோம். உத்தரவு வந்தால் அதை எப்படி மீறுவது என்பதும் தயாராக இருந்தது. முந்தைய தலைமையாசிரியர்கள் எல்லோரும் அப்படித்தான் உத்தரவு போட்டார்கள். அவர்கள் வீட்டுத் தக்காளி மட்டும் பியூன் கையில் வந்தது. நீங்களோ சிரித்துக்கொண்டு, "கப்பல நிப்பாட்ட நம்மளால ஏலாது டீச்சர். தக்காளி இல்லாம இருக்கவும் ஏலாது. அதனால யாராவது ஒருத்தர் போகட்டும், எல்லாருக்கும் சேத்து வாங்கிட்டு வரட்டும்" என்றீர்கள். "மொத உங்க மொறையா?" என்று நான் குத்தலாகக் கேட்டேன். "மொத மொறை எனக்கு" என்றீர்கள்.

அப்படிப் பிறந்தது கப்பல் டியூட்டி. அதற்குள் நீங்கள் ஒளித்து வைத்திருந்த சூட்சுமம் எங்களுக்கு மெல்லத்தான் பிடிபட்டது. ஒருவர் ஜெட்டிக்குப் போனால் அவர் வகுப்பை யார் பார்ப்பது? அதற்கு ஜோடி. ஜோடி வகுப்பில் சும்மா உட்கார்ந்து பிள்ளைகளை அமர்த்தக் கூடாது. பாடத்தை விட்ட இடத்திலிருந்து எடுக்க வேண்டும். எடுக்க வேண்டுமானால் மற்றவர் எப்படி எடுக்கிறார் என்று முன்கூட்டியே போய் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். தக்காளிக்குப் போன வழியிலேயே எங்கள் மூடிய வகுப்புக் கதவுகளை எல்லாம் திறந்துவிட்டீர்கள்.

என் ஜோடி யார்? அறிவியல் எடுக்கும் மண்டல் சார். டிக்லிப்பூர் பக்கத்து வங்காளி. அவருக்குத் தமிழ் அரைகுறை, எனக்கு அவருடைய நிதானம் அறவே ஆகாது. ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் அவர் முடிப்பதற்குள் நான் ஒரு கணக்கைப் போட்டு முடித்துவிடுவேன். அவர் கையில் என் தக்காளியை ஒப்படைப்பதா? முதல் முறை அவர் வாங்கி வந்ததைப் பார்த்துவிட்டு நான் ஸ்டாஃப் ரூமிலேயே சத்தம் போட்டேன். பாதி காய். "அரே மேடம், பக் ஜாயேகா" என்றார் அவர், பழுத்துவிடும் என்று. எனக்கு வந்த கோபத்தில் அந்தக் காயையே அவர்மேல் எறிந்திருப்பேன். நீங்கள் ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்து, "அடுத்த கப்பல் வர்ற வரைக்கும் தாங்கும் டீச்சர். நீங்க பழமா வாங்குறது ரெண்டு நாளுக்குத்தான் வருது" என்றீர்கள். அந்த விஷயத்தில் நான் இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை. ரசத்துக்குப் பழம்தான் வேண்டும்.

சக ஆசிரியர் வகுப்பில் வந்து உட்காருவதை நாங்கள் யாரும் விரும்பவில்லை. இன்ஸ்பெக்ஷன் மாதிரி இருக்கிறது என்று முணுமுணுத்தோம். அப்போது நீங்கள் செய்ததைத்தான் நான் இன்றும் புதிதாக வரும் ஆசிரியர்களுக்குச் சொல்கிறேன். "மொத என் வகுப்புக்கு வாங்க. எல்லாரும் வாங்க. வந்து குத்தம் சொல்லுங்க" என்றீர்கள். ஏழாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுத்தீர்கள். நாங்கள் பின்னால் வரிசையாக உட்கார்ந்தோம். பிள்ளைகளுக்குத் தாங்க முடியாத சிரிப்பு.

வகுப்பு முடிந்ததும் ஸ்டாஃப் ரூமில் ஆளாளுக்குப் பாராட்டு. அருமை மேடம், பஹுத் அச்சா மேடம். நீங்கள் ஒவ்வொரு பாராட்டுக்கும் தலையை ஆட்டிவிட்டு, "குத்தம்?" என்று மட்டும் கேட்டீர்கள். யாரும் வாய் திறக்கவில்லை. வருடாந்திர ரிப்போர்ட் எழுதுவது நீங்கள். யாருக்கு என்ன பைத்தியம்? எனக்குத்தான் அந்தப் பைத்தியம் இருந்தது.

"நீங்க கேள்வி நல்லாக் கேட்டீங்க மேடம். ஆனா புள்ளைங்க யோசிக்கிறதுக்குள்ள நீங்களே பதிலையும் சொல்லிட்டீங்க. அப்புறம் எதுக்குக் கேக்கணும்? நேரா சொல்லிட்டுப் போயிரலாம்ல?" என்றேன்.

மண்டல் சார் என் காலை மேஜைக்கடியில் மிதித்தார். உங்கள் முகம் ஒரு கணம் கறுத்ததை நான் பார்த்தேன். பொய் சொல்ல மாட்டேன், எனக்கு உள்ளூரச் சந்தோஷமாகத்தான் இருந்தது. நீங்கள் மெல்ல, "நாளைக்கு அதே வகுப்புக்குத் திரும்ப வாங்க" என்றீர்கள்.

மறுநாள் வாயில் ஒரு கிராம்பைப் போட்டுக்கொண்டு வந்தீர்கள். கேள்வி கேட்பீர்கள், உடனே அந்தக் கிராம்பைக் கடித்துக்கொண்டு நிற்பீர்கள். பிள்ளைகள் உங்களைப் பார்ப்பார்கள், கூரையைப் பார்ப்பார்கள், ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். கடைசி பெஞ்சில் வருடம் முழுக்க வாய் திறக்காத ஒரு நிக்கோபாரிப் பையன் எழுந்து பதில் சொன்னான். சரியான பதில். வகுப்பே திரும்பிப் பார்த்தது. நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். உங்களைத் திருத்தியவள் நான் என்று அன்று நான் நடந்த நடையை மண்டல் சார் இப்போதும் நடித்துக் காட்டுவார். நடிக்கட்டும். எனக்கு அதில் பெருமைதான்.

தலைமையாசிரியையே குறை கேட்டுக்கொண்ட பிறகு மற்றவர்களுக்கு என்ன கேடு? ஒவ்வொரு கதவாகத் திறந்தது. என் வகுப்பில் வந்து உட்கார்ந்த மண்டல் சார் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, தன் ஆமை வேகத்தில் இந்தியில் சொன்னார்: நீங்கள் கத்துவதால் பிள்ளைகள் தப்பான பதிலைச் சொல்ல பயப்படுகிறார்கள்; எது தெரியாது என்பது உங்களுக்குத் தெரியாமலே போகிறது. நான் கத்துவதை நிறுத்தவில்லை. ஆனால் தப்பான பதிலைப் பலகையில் முதலில் எழுதிவிட்டு, பிறகு கத்தினேன். பிள்ளைகளுக்கு அது பிடித்துவிட்டது. யாருடைய தப்பு பலகைக்கு வருகிறது என்று போட்டியே நடந்தது.

பரீட்சை நெருங்கிய சமயத்தில்தான் எல்லாம் குட்டிச்சுவராகப் பார்த்தது. போர்ட் பிளேரில் ஷாதிபூரில் என் தங்கை வீட்டில் இருந்த அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். போன கப்பலிலேயே திரும்பிவிடலாம் என்று நம்பிப் போனேன். கப்பலில் ஏதோ மெஷின் ரிப்பேர் என்று அதை நிறுத்தி வைத்துவிட்டார்கள். காலையில் எழுந்ததும் ஹேடோவுக்கு ஓடுவேன். "அபி ஷெட்யூல் நஹி ஆயா" என்று அதே பதில், அட்டவணை இன்னும் வரவில்லையாம். ஹெலிகாப்டருக்குப் பெயர் கொடுத்தால் நோயாளிகள் முன்னால் நின்றார்கள். பத்தாம் வகுப்புக்குத் திரிகோணமிதி பாதியில் நின்றது. புஷ்பாவுக்கு அதில் உயரமும் தூரமும் கணக்கு என்றாலே உதறல்.

உங்களுக்கு ஃபோன் போட்டேன். பள்ளி வராந்தாவின் கிழக்கு மூலையில்தான் சிக்னல் வரும். பத்தாம் வகுப்பு அதை ஒட்டிய அறை. "மேடம், ஏதாவது செய்யுங்க, நான் வந்தே ஆகணும்" என்று அழாத குறையாகச் சொன்னேன்.

"எதுக்கு வர்றீங்க? அம்மாவ நல்லாப் பாருங்க. இங்க ஓடுது" என்றீர்கள்.

சுருக்கென்றது. அப்படியானால் நான் எதற்கு? அதைக் கேட்டேவிட்டேன். நீங்கள் பதில் சொல்லவில்லை. ஃபோனை வகுப்பு ஜன்னல் பக்கம் நீட்டினீர்கள் போலிருக்கிறது. மண்டல் சாரின் குரல் கேட்டது. கணக்கு எடுத்துக்கொண்டிருந்தார். கோபுரம், நிழல், கோணம். நடுவில் திடீரென்று உச்சக் குரலில், "அடே! படம் போட்டியா? படம் போடாமே கணக்கு போட்டா பல்பு எரியாது!" என்று கத்தினார். அது என் வசனம். ஒரு எழுத்து மாறாமல் என் வசனம், வங்காளித் தமிழில். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. அந்தச் சிரிப்புக்குள் புஷ்பாவின் குரல், "சார், என் தப்பைப் போர்டுல எழுதுங்க சார்" என்று கேட்டது.

ஷாதிபூர் வீட்டு வாசலில் நின்றுகொண்டு நான் அழுதேன். என் தங்கை பயந்துபோய், "என்னக்கா, யாருக்கு என்ன ஆச்சு?" என்று ஓடி வந்தாள். "ஒண்ணும் ஆகலடி, எல்லாம் நல்லாத்தான் ஓடுது" என்றேன்.

ரிசல்ட் வந்த நாளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இங்கே இன்டர்நெட்டை நம்பிப் பிரயோசனம் இல்லை என்று, ஷாதிபூரிலிருந்து என் தங்கை ஒவ்வொரு நம்பராகப் பார்த்துச் சொல்ல ஏற்பாடு. கிழக்கு மூலையில் நாம் அத்தனை பேரும் முண்டியடித்துக்கொண்டு நின்றோம். முற்றம் முழுக்கப் பெற்றோர். தங்கை சொல்லச் சொல்ல நான் பெயரைச் சொன்னேன். மண்டல் சார் வாசலைப் பார்த்து, "பாஸ்!" என்று கத்தினார். அடுத்த பெயர். "பாஸ்!" அவருடைய நிதானம் எங்கே போனதோ, தெரியவில்லை. புஷ்பாவின் பெயர் வந்ததும் சிக்னல் போய்விட்டது. நான் ஃபோனைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு தவித்தேன். நீங்கள் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, "ஏறுங்க டீச்சர்" என்றீர்கள். ஏறினேன். "அக்கா, கேக்குதா? அந்தப் புள்ள பாஸுக்கா! கணக்குலதான் அதுக்கு ஜாஸ்தி!"

நான் ஸ்டூலில் நின்றே கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது. புஷ்பாவின் அப்பா சட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஒருவர்கூடத் தோற்கவில்லை, மேடம். ஒருவர்கூட. லயத்துப் பெண்கள் உங்களைத் தூக்காத குறை. நீங்கள் மண்டல் சாரையும் என்னையும் முன்னால் தள்ளிவிட்டுப் பின்னால் போய் நின்றுகொண்டீர்கள். ஒன்பதும் பத்தும் இங்கேயே இருக்கும் என்று உத்தரவு வந்தது. புஷ்பாவை அவள் அப்பாவே கப்பல் ஏற்றிப் பதினொன்றாம் வகுப்புக்கு அனுப்பியது அடுத்த அதிசயம்.

பிறகு உங்களைக் கார் நிக்கோபார் தீவுக்கு மாற்றினார்கள். நல்லது செய்தவரை ஓரிடத்தில் இருக்க விடுவார்களா? அங்கேயும் கிராம்போடு வகுப்புக்குள் போனீர்கள் என்று கேள்விப்பட்டோம். பிறகு அந்தச் செய்தி வந்தது. இருதயம் நின்றுவிட்டது என்றார்கள். கடல் கொந்தளித்துக்கொண்டிருந்தது, கப்பல் இல்லை, எங்களால் வர முடியவில்லை. விடுமுறை விடலாமா என்று கேட்டார்கள். நான்தான் கூடாது என்றேன். உங்கள் பெயரைச் சொல்லி ஒரு பீரியட் வீணாவதா? பிரேயரில் நின்று அழுதோம். பிறகு மணி அடித்தது, அவரவர் வகுப்புக்குப் போனோம். அன்று மாதிரி ஒரு நாள் நாங்கள் பாடம் எடுத்ததே இல்லை.

இப்போது சேதிக்கு வருகிறேன். பொறுப்புத் தலைமையாசிரியை இப்போது நான்தான். சிரிக்காதீர்கள். மாதம் ஒரு முறை என் வகுப்பில் எல்லோரும் வந்து உட்கார்ந்து குறை சொல்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டுதான் வருகிறது, ஆனாலும் கேட்டுக்கொள்கிறேன். பதினொன்றாம் வகுப்பு வேண்டும் என்று எழுதிப் போட்டிருந்தோம். அதைப் பார்வையிட ஒரு அதிகாரி போன கப்பலில் வந்து இறங்கினார். தகவல் எதுவும் இல்லாமல். நான் ஜெட்டியில் கூட்டத்தின் மறுகோடியில் இருந்தேன். கப்பல் டியூட்டி என் முறை. அவர் நேராகப் பள்ளிக்குப் போய்விட்டார்.

யாரோ வந்து சொன்னதும் பாதி வாங்கியதோடு கூடையைத் தூக்கினேன். தலைமையாசிரியை தக்காளி வாங்கப் போயிருக்கிறாள் என்றால் பதினொன்றாம் வகுப்பு எங்கே கிடைக்கும்? கூடையோடு மூச்சிரைக்க ஓடினேன். மழை வேறு. முற்றத்தில் ஒரு பிள்ளை இல்லை. எல்லா வகுப்பிலிருந்தும் பாடச் சத்தம். அதிகாரி வராந்தாவில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். நான் ஈரச் சேலையோடு மன்னிப்பு, காரணம், கப்பல் டியூட்டி என்று இந்தியும் தமிழுமாகக் கொட்டினேன்.

அவர் என்னை நிறுத்தினார். கப்பல் நாளில் தீவுப் பள்ளிகள் எப்படி இருக்கும் என்று தனக்குத் தெரியும், அதைப் பார்க்கத்தான் சொல்லாமல் வந்தேன் என்றார். எல்லா வகுப்பையும் சுற்றிவிட்டாராம். உங்கள் அறிவியல் ஆசிரியர் கணக்கு எடுக்கிறார், அதுவும் நன்றாக எடுக்கிறார் என்றார். பிறகு என் கூடையைப் பார்த்து, "ஆப்கே பினா பீ சல் ரஹா ஹை, மேடம்" என்றார். நீங்கள் இல்லாமலே ஓடுகிறதே என்று.

அவர் அதை லேசாகத்தான் சொன்னார். எனக்குத்தான் தாங்கவில்லை. முன்பு ஒரு முறை, அப்படியானால் நான் எதற்கு என்று உங்களிடம் சண்டைக்கு வந்தேனே, அதற்கான பதிலை நீங்கள் சொல்லாமலே விட்டீர்கள். இப்போது எனக்கு அது தெரியும். இந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் செய்யும் ஒவ்வொரு வேலையையும் அதை வைத்துத்தான் செய்கிறேன். நாளைக்கு நான் இல்லாவிட்டாலும் இது நடக்குமா என்று பார்க்கிறேன். நடக்காது என்றால் நான் இன்னும் ஒழுங்காகச் செய்யவில்லை என்று அர்த்தம்.

பதினொன்றாம் வகுப்புக்கு அனுமதி வந்துவிட்டது, மேடம். இனி நம் பிள்ளைகள் பத்து முடித்ததும் கப்பல் ஏற வேண்டாம். அந்த அதிகாரி வந்தபோது நீங்கள் இல்லை. நானும் இல்லை. பள்ளி நடந்துகொண்டிருந்தது.